அப்பா தொடாத மழைக்காலம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் எப்படியும் பேச்சு மழைக்கு வந்துவிடுகிறது. ஐப்பசியில் பிடித்தால் கார்த்திகை முடிகிற வரைக்கும் விடாது என்கிறோம். மணிமுத்தாற்றில் தண்ணீர் கரை புரண்டு ஓடியதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். நீங்கள் சொல்வதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். என் பங்குக்கு இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிற மழை வேறு. எங்கள் அப்பா எங்களைத் தொடுவதை நிறுத்திய மழை அது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. தம்பிக்கு மூன்று வயது நிரம்பவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருந்த பக்கம், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அந்தத் தெருவில் எங்கே கையை வைத்துத் தோண்டினாலும் உடைந்த பியூஸ் கட்டை வரும், காது போன கப்பு வரும், தலை இல்லாத பொம்மை வரும். சூளையில் வெடித்ததை எல்லாம் அங்கேதான் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். நாங்கள் அதை வைத்துத்தான் சொப்பு விளையாடுவோம். மழை பெய்தால் மேல்மண் கரைந்து அந்த வெள்ளைத் துண்டுகள் பல் மாதிரி வெளியே தெரியும். செருப்பு இல்லாமல் வாசலில் இறங்கக் கூடாது என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பாள்.

அப்பா ஒரு சின்னப் பட்டறையில் கல் அரைக்கிற மெஷினில் இருந்தார். வெள்ளைக் கல்லை நொறுக்கி, பொடியாக்கி, சலித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பொடியை அங்கே எல்லோரும் மாவு என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அப்பாவின் மீசை, புருவம், காது மடல் எல்லாம் மாவாக இருக்கும். தம்பி அவரைப் பார்த்து, "தாத்தா வந்துட்டாரு, தாத்தா வந்துட்டாரு" என்று குதிப்பான். அப்பாவும் உடனே முதுகைக் கூனிக்கொண்டு, இல்லாத கம்பை ஊன்றிக்கொண்டு நடந்து வருவார். குழாயடியில் குளித்துவிட்டு வந்தால் அதற்குப் பிறகு அவர் எங்கள் சொத்து. தம்பி தோளில் ஏறிக்கொள்வான். எனக்குப் பேன் பார்ப்பதும் அப்பாதான். அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, முடியோடு சேர்த்து இழுத்துவிடுவாள். அப்பாவின் விரல்கள் சொரசொரவென்று இருக்கும், ஆனால் வலிக்காது. அவர் பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

அந்த வருடம் மழை பிடித்த வாரத்தில் ஒரு நாள், தம்பி வழக்கம்போல ஓடினான். அப்பா குளித்து முடித்துத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"நில்லு!"

அப்படி ஒரு குரலை நாங்கள் அவரிடம் கேட்டதில்லை. தம்பி நின்றுவிட்டான். உதடு பிதுங்கியது. அப்பா இரண்டு எட்டு பின்னால் போனார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, கையை ஆட்டி, போ, அம்மாகிட்ட போ என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டை உள்ளே வந்து சாப்பிடவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் சைக்கிள் நிறுத்த ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். புதிதாக ஒரு ஈயத்தட்டும் ஒரு டம்ளரும் வாங்கி வந்திருந்தார். அம்மா சோற்றைக் கொண்டுபோனபோது கையில் வாங்காமல், "அங்க வச்சிட்டுப் போ" என்றார். சாப்பிட்டதும் தட்டைத் தானே சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கொட்டகை ஆணியில் மாட்டினார்.

"ஏங்க, நான் கழுவ மாட்டனா?"

"வேணாம்."

"இன்னாத்துக்கு வேணாம்?"

"வேணாம்னா வேணாம். விடேன்."

பிறகு படுக்கையும் அங்கேயே போனது. சாக்குப் பையைக் கிழித்துத் தைத்துத் திரை மாதிரி தொங்கவிட்டார். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு நடுவே அவருடைய இருமல் கேட்கும். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இருமல் உண்டு. அந்தத் தெருவில் இருமல் என்பது சைக்கிள் மணி மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நான் பயந்தது இருமலுக்கு இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் நடக்க ஆரம்பித்த வேறு சில காரியங்களுக்கு.

காலையில் எழுந்தால் அண்டா நிறைய வெந்நீர் காய்ந்திருக்கும். அடுப்புக்கு விறகு சின்னச் சின்னதாகப் பிளந்து, நனையாத இடத்தில் அடுக்கியிருக்கும். வார் அறுந்த என் செருப்பு தைத்து வாசற்படியில் இருக்கும். என் பென்சில்கள் சீவி டப்பாவில் இருக்கும், கூர் ஒடியாதபடி தாளில் சுற்றியிருக்கும். தம்பியின் பால் சொம்பு மூடி போட்டு ஜன்னல் ஓரத்தில் இருக்கும். ஒழுகிக்கொண்டிருந்த ஓடு மாற்றியிருக்கும். ஆனால் அப்பா இருக்க மாட்டார். நாங்கள் எழுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். செய்கிற கை கண்ணில் படாமலே வீட்டில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. நன்றாகத் தைத்த அந்தச் செருப்பில் காலை நுழைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

முன்பு இதில் ஒன்றையும் அவர் செய்ததில்லை. அதுதான் அம்மாவை அரித்தது.

எதிர்வீட்டு அத்தை என்று ஒருத்தி இருந்தாள். எங்களுக்கு உறவில்லை, தெருவில் பழகிய முறை. வாசலில் குந்தி அரிசி புடைத்துக்கொண்டே பேசுவாள். ஒரு நாள் அம்மாவிடம் சொன்னாள்.

"நான் சொன்னன்னு வெச்சிக்காத. ஆம்பள திடீர்னு வூட்டு வேலய இழுத்துப் போட்டுச் செய்யறான்னா, அது நல்லதுக்கு இல்ல. கருவேப்பிலங்குறிச்சியில எங்க சொந்தத்துல ஒருத்தன் இருந்தான். ஒரு வாரம் பூரா வூட்டுக்கு வெள்ளையடிச்சான், தொட்டி நெறைய தண்ணி ரொப்பினான், ஒரு வண்டி வெறகு எறக்கினான். மறுநாளு ஆளக் காணோம். பம்பாயில வேற குடும்பமாம்."

அத்தை முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"உங்கூட்டு அண்ணன் பஸ் ஸ்டாண்டு பின்னால ஒரு சந்துல நொழையறத எங்கூட்டுக்காரரு ரெண்டு மூணு தடவ பாத்துருக்காரு. எனக்கென்னா தெரியும். கேட்டுக்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு தினமும் ஸ்கூல் விட்டு வரும்போது, முதலில் கொட்டகையில் அந்தத் தட்டு தொங்குகிறதா என்று பார்ப்பேன். தட்டு இருந்தால் அப்பா இன்னும் போகவில்லை.

அம்மா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள். எங்களைக் குளிப்பாட்டும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை தம்பியை எதிர்வீட்டில் விட்டுவிட்டு என்னை மட்டும் மணவாளநல்லூர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே முருகனுக்குப் பிராது கட்டுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுபோல, யார் மேல் என்ன குறை என்று சாமிக்கு எழுதி, வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். அம்மாவுக்கு எழுத்து வராது. எழுதிக் கொடுக்கிற ஒருவர் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு மேலம்மா?"

"எங்கூட்டுக்காரரு மேல."

"குடிக்கிறாரா?"

"இல்லைங்க."

"அடிக்கிறாரா?"

"இல்லைங்க."

"பின்ன இன்னாதாம்மா?"

அம்மா என் தலையைப் பிடித்துத் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டாள்.

"புள்ளைங்கள தொட மாட்டேங்கறாருங்க."

எழுதுகிறவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். தூறலில் அந்தத் தாள் ஓரம் நனைந்துவிட்டது. அம்மா அதைச் சுருட்டிக் கட்டினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குக் குளிர்ந்தது. அப்பா மேல் சாமியிடம் கேஸ் போட்டாகிவிட்டது, இனிமேல் சாமி அப்பாவை என்ன செய்யப்போகிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அதற்கடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் வந்தது. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கொட்டகையில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தம்பி எவ்வளவு நாளைக்குத்தான் பொறுப்பான்? அம்மா முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து அப்பாவை நோக்கி ஓடினான். அப்பா எழுந்து பின்னால் நகர்ந்தார். "வராத, வராத" என்று சொன்னார். இவன் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி இன்னும் வேகமாக ஓடினான். ஈரத்தில் வழுக்கி முகம் குப்புற விழுந்தான். மழையில் மேலே வந்திருந்த பீங்கான் துண்டு ஒன்று நெற்றியைக் கிழித்துவிட்டது.

ரத்தம் கண்ணில் வழிந்தது. அவன் அழுதுகொண்டே இரண்டு கையையும் அப்பாவை நோக்கித் தூக்கினான்.

அப்பா தூக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தார். நின்றார். கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "இந்தா, ஓடியாயேன்! புள்ள விழுந்துட்டான், ஓடியாயேன்!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். கையெட்டும் தூரத்தில் குழந்தை கிடக்கிறது, அவர் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருக்கிறார்.

அம்மா சோப்புக் கையோடு வந்து தம்பியை வாரிக்கொண்டாள். முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"நாய் குட்டி அடிபட்டாக்கூட நின்னு தூக்குவாங்க."

அம்மா அன்றைக்கே எதிர்வீட்டுக்காரர் மூலமாகப் பெண்ணாடத்துக்குச் சொல்லியனுப்பினாள். அங்கே அவளுடைய அண்ணன், எங்கள் மாமா, சர்க்கரை ஆலையில் வேலையாக இருந்தார். வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித்தான் செய்தி.

மாமா இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்தார். அவர் மேல் எப்போதும் வெல்லப்பாகு வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. வந்தவர் உட்காரக்கூட இல்லை. "பொட்டிய எடு, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்பா கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டி எங்கே என்று அம்மா தேடினாள். அது ஏற்கெனவே வாசற்படியில் இருந்தது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஓகோ. அனுப்பி வைக்கத் தயாராத்தான் இருக்கீங்க" என்றாள் அம்மா.

தம்பிக்கு மாற்றுத்துணி ஒன்று கொடியிலேயே இருந்தது. அதை வைப்பதற்காகக் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

மேலாக தம்பியின் ரப்பர் விரிப்பு. அதை வழியில் எடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் பழந்துணியைக் கிழித்து நெற்றிக் கட்டுக்கு மடித்த துண்டுகள், மருந்துக் குப்பி. அவனுக்குப் பிடித்த பொரிகடலை, பொட்டலமாக இல்லாமல் அவன் கையால் திறக்கக்கூடிய சின்ன டப்பாவில். தூங்கும்போது அவன் விரலில் சுற்றிக்கொள்கிற அம்மாவின் பழைய புடவைத் துண்டு. அது இல்லாமல் அவன் தூங்க மாட்டான் என்பது எங்கள் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. என் பாடப் புத்தகங்களுக்கு மழை படாமல் பிளாஸ்டிக் தாள். என் சீப்பு, ரிப்பன், அவற்றோடு ஒரு பேன்சீப்பு.

அம்மா அந்தப் புடவைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

"கிட்ட வராத" என்றார் அப்பா.

"வருவேன். புள்ளைக்கு எது இல்லன்னா தூக்கம் வராதுன்னு தெரியுது. அழுவற புள்ளய தூக்கத் தெரியல. நீங்க யாரு? சொல்லுங்க. எவ வூட்டுக்குப் போறீங்களோ போங்க, அத சொல்லிட்டுப் போங்க."

"எவ வூட்டுக்கும் போவல."

"பின்ன?"

அப்பா மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"எங்கண்ணன் கதை உனக்குத் தெரியும்ல."

பெரியப்பா டிபி வந்து செத்தவர். நல்லூரில் இருந்தார். அவர் போன பிறகு அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதே நோவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போனார்கள். அப்பாதான் அந்தப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

"மழ பிடிச்சதுலேர்ந்து சளியில ரத்தம் வருது" என்றார் அப்பா. "பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தருகிட்ட மாத்திர வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கேன். கேக்கல. நீ அழைச்சிக்கிட்டுப் போயிடு. நான் சொன்னா நீ போவ மாட்ட. அதான் நீயே வெறுத்துப் போவட்டும்னு இருந்தேன்."

மாமா தன்னை அறியாமல் பின்னால் நகர்ந்து கர்சீப்பை மூக்கில் வைத்தார். அம்மா நகரவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் வாயில மண்ணு. சாமிகிட்ட போயி உங்க மேலயே எழுதி வச்சிட்டு வந்தனே."

அப்பாவுக்கு அது புரியவில்லை. அவர், "எழுந்திரு, தரை ஈரமா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

மாமாதான் கர்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். "மாப்ள, சட்டய மாட்டு. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவலாம். எதா இருந்தாலும் அங்க பாத்துக்கலாம்" என்றார். மூன்று பேரும் கிளம்பினார்கள். நாங்கள் எதிர்வீட்டில்.

அந்த நாட்களை நான் மறக்க முடியாது. விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை எங்களுக்குச் சோறு போட்டாள், குறை சொல்லக் கூடாது. ஆனால் வாசலில் போட்டாள். எங்களுக்கென்று இரண்டு டம்ளரை எடுத்துத் தனியாக வைத்தாள். அவளுடைய பிள்ளைகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள், வெளியே வரவில்லை. தம்பி அவள் மடியில் போய் உட்காரப் போனபோது புடவையை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தம்பி என்னிடம் வந்தான். அவனைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் நெற்றியில் கட்டை மாற்ற வேண்டும், நான்தான் மாற்றினேன். அப்பா கிழித்து வைத்திருந்த துண்டு சரியாக ஒரு சுற்றும் ஒரு முடிச்சும் வந்தது. அளந்து கிழித்திருக்கிறார். குழந்தையைத் தொடாமல் எப்படி அளந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்ப்பேன். வராத நாட்களில், சாமி அந்தத் தாளைப் படித்துவிட்டது என்றே நினைத்தேன்.

வந்தார்கள். ஒரு சாயங்காலம், மழை ஓய்ந்து தெருவெல்லாம் தேங்கியிருந்த நேரம். மாமா பெண்ணாடம் பஸ் ஏறிப் போய்விட்டார். அம்மாவும் அப்பாவும் மட்டும் தெருமுனையில் திரும்பினார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் ஓடி வந்தாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"டிபி இல்லடி! ஒட்டாதாம்! ஒட்டவே ஒட்டாதாம்!"

படம் எடுத்தார்களாம், சளியைப் பார்த்தார்களாம். டாக்டர் அப்பாவிடம் என்ன வேலை என்று கேட்டாராம். நெஞ்சுக்குள் இருப்பது பட்டறை மாவு, நோய்க் கிருமி இல்லை, யாருக்கும் தொற்றாது, பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம் என்றாராம். எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு வந்து, "நான்தான் சொன்னன்ல, அண்ணனுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு" என்றாள்.

அப்பா மெதுவாக வந்து சேர்ந்தார். குழாயடியில் உட்கார்ந்து கை கால் கழுவினார். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, சீப்பு எடுத்தா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கை என் தலையில் பட்டதும் நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "எவ்ளோ பேனு, பாரேன். ஒரு மாசமா மேய உட்டுருக்கா உங்கம்மா" என்றார்.

தம்பிதான் வரவில்லை. அப்பா இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டார். அவன் அம்மாவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அம்மா தூக்கிக் கொடுக்கப் பார்த்தாள். வீறிட்டான். "விடு, அவன் மேல தப்பில்ல" என்றார் அப்பா. நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவனைத் திரும்பப் பெற அப்பாவுக்குப் பொங்கல் வரைக்கும் ஆனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் அவர் அவனைத் துரத்தவில்லை, மிட்டாய் காட்டவில்லை. அவன் சாப்பிடும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மீனில் முள் எடுத்துத் தட்டில் வைப்பார். அவன் பொம்மை வண்டிக்குச் சக்கரம் மாட்டித் தரையில் உருட்டிவிடுவார். அம்மா குளிப்பாட்டும்போது தண்ணீர் மொண்டு மொண்டு கொடுப்பார். ஒரு நாள் சோப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு அவன் தடுமாறினான். பிடிமானத்துக்குக் கையை நீட்டியவன், பார்க்காமலே அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். அப்பா அசையவே இல்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அடுத்த நாள் அப்பாவைத் தன் காலைக் கழுவ விட்டான். பிறகு முதுகு. மாட்டுப் பொங்கலன்று மாடு பார்க்கப் போகிற கூட்டத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அழுது, "தூக்கு" என்றான். அப்பாவிடம்தான் சொன்னான். அவர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்ததும் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். மறுபடி தூக்கினார்.

அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டு மணவாளநல்லூர் போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றாள். அதற்கும் அங்கே முறை இருக்கிறது, ராஜினாமா என்பார்கள். "எதிரியே கூட வந்து நிக்கறாரு பாரு" என்று அப்பா சிரித்ததாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா பட்டறைக்குத் திரும்பப் போகவில்லை. கடைவீதியில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலைக்கு உட்கார்ந்தார். நெஞ்சில் ஏறிய மாவு எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு வருடமும் அவருடைய நடை கொஞ்சம் குறைந்தது. முதலில் சைக்கிள் மிதிப்பது நின்றது, பிறகு குழாயடிவரை நடப்பது. நான் பத்தாவது முடித்த வருடம் மழைக்கு முன்பே போய்விட்டார். கடைசிவரைக்கும் என் தலையை அவர்தான் பின்னினார். ஒரு பக்கம் முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபக்கம் பின்னுவார். ஸ்கூலுக்கு நேரமாகிவிடும். நான் ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது ஒன்று இருந்தது. நாலைந்து வருடத்துக்கு முன்பு தொற்று நோய் ஊரையே அடைத்துப் போட்டபோது, என் மகன் மாடி அறையில் தனியாக இருந்தான். நான் அவனுக்குத் தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கீழே வந்து அழுதேன். வயதான என் அம்மா என் கூடத்தான் இருந்தாள். என்னை உட்காரவைத்து, அதுவரை சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"டாக்டரு அன்னிக்கு ரெண்டு சொன்னாருடி. ஒட்டாதுன்னு ஒண்ணு. ஆறாதுன்னு ஒண்ணு. இந்த மாவு ஏறினா எறங்காதும்மா, கூடிக்கிட்டேதான் போவும், இவரு புள்ளைங்க பெருசாவறதுக்குள்ள போயிடுவாருன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. பஸ்ஸுல ஏறினதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. கடலூரு தாண்டினதும் உங்கப்பாதான் சொன்னாரு, மொத சேதிய மட்டும் வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவலாம்னு."

அன்றைக்குத் தண்ணீரில் ஓடிவந்து கத்திய அம்மாவை நினைத்தேன். என் தலையில் பேன் பார்த்தபடி கேலி பேசிய அப்பாவை நினைத்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. பொங்கலுக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடம் ஒவ்வொரு காலையும் என் பின்னலை முடிந்துவிட்டபோதும் தெரிந்திருக்கிறது.

"அத மனசுல வச்சிக்கிட்டு எப்படிம்மா சிரிச்சீங்க? எப்படித் தாங்கினீங்க?" என்று கேட்டேன்.

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். கேள்வியே அவளுக்குப் புரியாத மாதிரி இருந்தது.

"தாங்கறதுக்கு எங்கடி நேரம்? விடிஞ்சா உங்களுக்குத் தண்ணி காய வைக்கணும், தலை வாரணும், அவனுக்குச் சோறு ஊட்டணும். ஒண்ண முடிச்சா அடுத்தது வந்து நிக்கும். நாளைக்கும் வரும்னு நம்பித்தான் ராவுல படுப்போம். வந்துச்சி."

பிறகு, "மாடியில புள்ளைக்கு ரசம் ஆறிடப் போவுது, எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.